உதவி கேட்டோம், உத்தரவு கேட்கவில்லை

(பெரம்பலூரில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொடங்குவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று என் அண்ணனைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நேற்று இரவு அவரே எனக்கு வகுப்பெடுத்தார். இரண்டு சம்பவங்களை வேண்டாம் என்று நீக்கிவிட்டார். அதில் ஒன்று இந்தப் பேச்சுக்கு ரொம்பப் பொருத்தமானது. எனக்கு வருத்தம்தான். "என் கதைய சொல்லித்தான் நீ டாக்டர் பட்டம் வாங்கப் போற. எதைச் சொல்லணும்னு முடிவு பண்ற உரிமையாவது எனக்கு இருக்கா இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேள்வி நியாயமானது. இன்றைய பேச்சும் அதைப் பற்றியதுதான். உதவி தேவைப்படுகிற ஒருவரின் வாழ்க்கையில் யார் முடிவெடுப்பது?

நாங்கள் அரியலூர் மாவட்டம் செந்துறை பக்கத்துக்காரர்கள். ஒரு பக்கம் முந்திரிக்காடு, இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் சிமெண்ட் ஆலை லாரிகள். சேரித் தெருவில் பத்தாவது முடித்த பையன்கள் சென்ட்ரிங் வேலைக்குச் சென்னைக்கு பஸ் ஏறுவார்கள். அண்ணனும் அப்படித்தான் போனார். 2014இல் சாரத்திலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அப்போது அவருக்கு 26 வயது.

அதன்பிறகு நான்கு ஆண்டுகள் எல்லாவற்றையும் பார்த்தது அம்மா. சிறுநீர்க் குழாய் மாற்ற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, படுக்கைப்புண் வராமல் இரவில் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, பெயர்கூடக் கிடையாது. 'அம்மா பார்த்துக்கிறாங்க' என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். 2018இல் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் அப்போது திருச்சியில் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். தெரிந்தவர்களிடம் விசாரித்து, வேறு மாவட்டத்தில் இருக்கும் ஓர் இல்லத்தில் இடம் வாங்கினேன். படிவத்தை நானே நிரப்பினேன், நானே கையெழுத்துப் போட்டேன். கிளம்புவதற்கு முதல் நாள் இரவுதான் அண்ணனிடம் சொன்னேன். "நல்ல இடம்ணே, அம்மாவுக்கும் ரெஸ்ட்டு கெடைக்கும்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கே யாரும் அவரை அடிக்கவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, படுக்கை சுத்தமாக இருந்தது. ஆனால் காலை ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்பிக் குளிப்பாட்டிவிடுவார்கள். குளிப்பாட்ட வசதியாக எல்லோருக்கும் ஒட்ட முடி வெட்டிவிடுவார்கள். செல்போன் அலுவலகத்தில் இருக்கும், சாயங்காலம் கால் மணி நேரம் தருவார்கள். சைவச் சாப்பாடு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி இல்லாமல் வளர்ந்த வீடு இல்லை எங்களுடையது. எட்டு மாதம் அவர் அதன் வாசனைகூடப் பார்க்கவில்லை. நான் பார்க்கப் போனபோது கேட்டார்: "அஞ்சு மணிக்கு எழுப்பி என்னத்தம்மா பண்ணச் சொல்றாங்க? வேலைக்கா போறேன்?"

அவர் வெளியே வர விரும்பியபோது இன்னொன்று தெரிந்தது. 30 வயது ஆணான அவருடைய கையெழுத்து அங்கே செல்லாது. 25 வயதுத் தங்கையான என் கையெழுத்து வேண்டும். உள்ளே போனதும் என் கையெழுத்தில், வெளியே வந்ததும் என் கையெழுத்தில். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவரை அங்கே பூட்டியது இல்லத்துக்காரர்கள் மட்டுமில்லை, அம்பேத்கரைப் படித்த நானும்தான்.

தோழர்களே, 1932இல் நடந்தது நமக்கெல்லாம் மனப்பாடம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நல்லது செய்வதாகச் சொன்னவர்கள் அன்றைக்கும் நிறையப் பேர் இருந்தார்கள். கிணறு வெட்டித் தருகிறோம், பள்ளிக்கூடம் கட்டித் தருகிறோம் என்றார்கள். அம்பேத்கர் கேட்டது வேறு. எங்கள் பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். அதற்காகத்தான் தனி வாக்காளர் தொகுதி கேட்டார், பூனா ஒப்பந்தத்தில் அதை இழக்கவும் நேர்ந்தது. உதவி செய்கிறவனே முடிவையும் எடுத்தால், உதவி வாங்குகிறவன் எப்போதும் அவன் தயவில்தான் இருக்க வேண்டும். சாதி விஷயத்தில் இதை நாம் சட்டென்று புரிந்துகொள்கிறோம். வீட்டில் கட்டிலில் இருப்பவர் விஷயத்தில் நமக்குப் புரிய எட்டு மாதம் ஆகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதையொட்டி வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016. அதன் 5ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு, குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. வீட்டிலேயே வாழத் தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. 13ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. எல்லோரையும் போலச் சட்டத்தின் முன் முடிவெடுக்கும் தகுதி மாற்றுத்திறனாளிக்கும் உண்டு. உதவி செய்பவர் அவரைத் தன் விருப்பத்துக்கு வளைக்கக் கூடாது. அந்த உதவி ஏற்பாட்டை மாற்றவும் கலைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதாவது, 'நீங்க வேண்டாம், வேற ஆள் வேணும்' என்று அவர் சொல்லலாம்.

'உங்க அண்ணனுக்கு மூளை நல்லாருக்கு, மனவளர்ச்சி குன்றியவங்களுக்கு எப்படி?' என்று கேட்பீர்கள். சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் வழக்கு 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் பாலியல் வன்முறையால் கர்ப்பமாகியிருந்தார். கருவைக் கலைக்க வேண்டும் என்றது நிர்வாகம். குழந்தை வேண்டும் என்றார் அந்தப் பெண். அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. முடிவெடுக்க ஒருவருக்குக் கூடுதல் நேரம், எளிமையான விளக்கம், நம்பிக்கையான ஒரு துணை தேவைப்படலாம். அதைக் கொடுப்பதுதான் நம் வேலை. அவருக்குப் பதிலாக முடிவெடுப்பது நம் வேலை கிடையாது.

முடிவெடுக்கும் உரிமையைப் பறித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் பாதிக்கப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பெரும்பாலோர் கொடுமைக்காரர்கள் கிடையாது. வழி தெரியாத, களைத்துப்போன குடும்பங்கள். என்னைப் போன்றவர்கள்.

அப்படியானால் குடும்பத்தைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாமா? கூடாது. தேர்வு என்பது காசு இருந்தால்தான் தேர்வு. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. ஒரு நாளைக்கு 67 ரூபாய்கூட வராது. 2024-25இல் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஒரு மாத உதவித்தொகையைக் கொண்டு ஓர் ஆளின் ஏழு நாள் உழைப்பைக்கூட வாங்க முடியாது. பக்கத்து ஆந்திராவில் 2024இல் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்தை 6,000 ஆகவும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000 ஆகவும் உயர்த்தினார்கள். அங்கே முடிகிறது.

தமிழ்நாட்டு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 'உரிமைகள்' திட்டத்துக்கு 2022இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. பிசியோதெரபிக்காக மாவட்டத் தலைநகருக்கு ஆட்டோ பிடித்து ஓடிய எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். 2025இல் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர் என்றார்கள். வரவேற்கிறேன். ஆனால் பூனா ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு 'நியமனம்' என்ற சொல் கொஞ்சம் உறுத்த வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் நாள் எப்போது?

இனி, இந்த மேடையில் கட்டாயம் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சாதி.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 31 விழுக்காடு, அரியலூரில் 23 விழுக்காடு பட்டியல் சாதி மக்கள். அதே கணக்கெடுப்பில், இந்திய மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரில் அது 2.45. சாரத்தில் ஏறுவது யார், குவாரியில் வெடி வைப்பது யார், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்தை நமக்கு ஒதுக்கிய சாதி, அடிபட்ட பிறகும் விடுவதில்லை. அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்குள் வர மாட்டார். புளியமரத்தடிக்குத் தூக்கி வரச் சொல்வார். காற்றோட்டம் என்று காரணம் சொல்வார். தண்ணீர் கொடுத்தால் தாகமில்லை என்பார். சித்திரை வெயிலில் தாகமில்லாத மனிதர்.

என் ஆய்வு இந்த இரண்டு மாவட்டங்களில் பராமரிப்பு வேலை பற்றியது. பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வீடு. பருத்தி, மக்காச்சோளம் போடுகிற நிலவுடைமைச் சாதிக் குடும்பம். பெரியவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், பேச்சு வராது. அவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவது சேரியிலிருந்து போகும் ஓர் அக்கா. அவருக்குக் கொல்லைப்புற வழி, அவருக்கென்று தனி டம்ளர். "தாத்தாவ தொடலாம், தண்ணிப் பானைய தொடக் கூடாது" என்று என்னிடம் சொன்னார்.

அந்த அக்கா சம்பளம் கூட்டிக் கேட்டார். மகன் அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளை வைத்தார். பெரியவரிடம் யாரும் கேட்கவில்லை. புது ஆள் ஊட்டினால் பெரியவர் வாயைத் திறக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு நாள் பார்த்துவிட்டு அக்காவையே திரும்பக் கூப்பிட்டார்கள். பெரியவரின் தேர்வு ஜெயித்தது. அக்காவின் சம்பளம் பழையதுதான், கொல்லைப்புற வழியும் தனி டம்ளரும் அப்படியேதான்.

இந்தச் சம்பவத்தில் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். யார் பக்கம் பேசுவது? இப்போது என் முடிவு இது. உதவி பெறுபவரின் தேர்வையும் உதவி செய்பவரின் மரியாதையையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கக் கூடாது. என் உடம்பைத் தொடுவது ஆணா பெண்ணா, எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்படித் தூக்க வேண்டும், யாரை நம்புகிறேன் என்பதெல்லாம் என் உரிமை. 'எங்க ஆளுங்களா பார்த்து அனுப்புங்க' என்று கேட்பதைத் தேர்வு என்று சொல்லக் கூடாது. அது தீண்டாமை. அரசமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்த ஒன்று, சேவை மையத்தின் விண்ணப்பப் படிவம் வழியாக உள்ளே வரக் கூடாது.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். இதைக் கட்டாயம் சொல் என்று அண்ணனே சொன்னார். இல்லத்திலிருந்து திரும்பிய பிறகு அவருக்கு உதவ ஒரு தம்பி வந்தார். அருந்ததியர். அண்ணனை அவர் குளிப்பாட்டுவதில் அம்மாவுக்குச் சங்கடமில்லை. அடுப்படிக்குள் வந்து டீ போட்டபோது அம்மாவின் முகம் மாறியது. சாதியால் காலமெல்லாம் அடிபட்ட என் அம்மாதான். அண்ணன் கட்டிலிலிருந்து கேட்டார்: "அவன் கையால குளிக்கிறேன். அவன் கையால டீ குடிக்கக் கூடாதா?" அம்மா பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பியிடம் தனக்கும் ஒரு டீ கேட்டார்.

உதவி வாங்குகிறவர் அடங்கிப் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. பெரியார் தன் கடைசி ஆண்டுகளில் சிறுநீர்க் குழாயோடு, உதவியாளர்கள் தாங்கிப் பிடிக்க, வேனில் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் கடைசிக் கூட்டம், வலியோடு பேசினார். ஐந்தே நாளில் மறைந்தார். எழுந்து நிற்க ஆள் வேண்டும், உட்கார ஆள் வேண்டும். ஆனால் எந்த ஊருக்குப் போவது, என்ன பேசுவது என்று அவர்தான் முடிவு செய்தார். 'அய்யா பாவம், அடுத்தவர் உதவியில் இருக்கிறார்' என்று யாராவது சொன்னார்களா? சுயமரியாதை என்பது யார் உதவியும் இல்லாமல் வாழ்வது என்று நாம் எங்கேயோ தப்பாகப் படித்திருக்கிறோம்.

ஸ்வீடனில் 1980களில் ஸ்டாக்ஹோம் நகர மாற்றுத்திறனாளிகள் கூட்டுறவு அமைப்பாகச் சேர்ந்து, உதவியாளர்களைத் தாங்களே வேலைக்கு எடுத்தார்கள், தாங்களே பயிற்சி கொடுத்தார்கள். பணம் அரசுடையது, முடிவு அவர்களுடையது. 1994இல் தனி உதவியாளர் என்பது அங்கே சட்ட உரிமையே ஆனது. அது பணக்கார நாடு, உண்மைதான். ஆனால் கூட்டுறவு நமக்குப் புதிதா? பால் சங்கமும் மகளிர் குழுவும் இல்லாத ஊர் உண்டா? ஓர் ஒன்றியத்து மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து உதவியாளர் சங்கம் ஒன்றை நடத்த முடியாதா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை. முதலாவது, உதவியாளருக்கான தொகை குறைந்தபட்சக் கூலியையாவது ஒட்டி இருக்க வேண்டும், அது மாற்றுத்திறனாளியின் கணக்குக்கே வர வேண்டும். இரண்டாவது, உதவியாளருக்கு எழுத்தில் சம்பளம், வார விடுமுறை, கையுறை, தூக்கும் முறையில் பயிற்சி வேண்டும், முன்வாசல் வழி வேண்டும். மூன்றாவது, எந்த இல்லமாக இருந்தாலும் சேரவும் வெளியேறவும் அங்கே வாழ்பவரின் சொந்தக் கையெழுத்து வேண்டும். போனும் சாப்பாடும் தலைமுடியும் அவர் விருப்பம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிற தோழர்கள், பட்டா மனுவோடு இந்த மனுவையும் கொண்டு போங்கள்.

அண்ணன் இப்போது காலை ஒன்பது மணிக்கு எழுகிறார். முடி தோள் வரைக்கும் வளர்ந்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, என்னை யாரும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். உதவித்தொகை போதாமல் அந்தத் தம்பியின் சம்பளத்தில் பாதியை இன்னும் நான்தான் கொடுக்கிறேன். என் கல்வி உதவித்தொகை நின்றால் இந்த ஏற்பாடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு தங்கையின் வருமானத்தில் தொங்கும் உரிமையை உரிமை என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒன்று, மன்னிக்க வேண்டும், இது உங்களைப் பற்றி. இந்த மண்டபத்துக்கு வாசலில் மூன்று படி. கூட்டத்துக்கு அண்ணனையும் அழைத்தீர்கள், 'நாங்க நாலு பேர் தூக்கிட்டு வந்துடுவோம் அக்கா' என்று அன்போடு சொன்னீர்கள். அண்ணன் சொன்னார்: "தூக்க வேணாம், பலகை போடச் சொல்லு." பலகை கிடைக்கவில்லை. அதனால் அவர் வரவில்லை, நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பலகை போடுங்கள். அவர் பேசட்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.